பௌஹவுஸ் பார்க்காத பௌஹவுஸ் வாட்ச்

பெட்டியைத் திறந்தபோது வாட்ச் நின்றுபோயிருந்தது. எந்த நாளின் எந்த வேளையோ, முட்கள் நாலு இருபதில் நின்றிருந்தன. சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் அப்படித்தான் வரும். பேட்டரி வாட்ச் கடையிலிருந்தே ஓடிக்கொண்டு வரும். ஆட்டோமேட்டிக் என்றால் பெட்டியிலிருந்து எடுக்கிற ஆட்டத்திலேயே உயிர் வந்துவிடும். இது நம் விரலுக்காகக் காத்திருக்கிறது. கிரௌனைப் பிடித்து நாலைந்து முறை திருகினேன். ஆறு மணி இடத்தில் இருக்கிற சின்ன வட்டத்துக்குள் நொடிமுள் கிளம்பியது. காதில் வைத்துக் கேட்டேன். விநாடிக்கு ஆறு தட்டு. ஒரு நாளைக்கு 5,18,400.

வாட்சின் பெயர் டாங்கென்டே. செய்தது நோமோஸ். ஊர், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குத் தெற்கே மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிற கிளாஸ்ஹூட்டே. 35 மில்லிமீட்டர் அகலம், பின்பக்கம் கண்ணாடி வைத்த மாடல். என்னிடம் ஏற்கெனவே பதினான்கு வாட்ச் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கியபோது நாலு பேரிடம் காட்டி மகிழ்ந்ததோடு சரி, எதைப் பற்றியும் எழுதியதில்லை. இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குச் சந்தோஷம் காரணம் இல்லை. மூன்றாம் நாள் இரவு வந்த ஒரு சங்கடம்தான் காரணம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த நண்பர் வாட்சை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல என்ன இருக்குன்னு இவ்ளோ காசு?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "இது பௌஹவுஸ் டிசைன்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது. அது உண்மை இல்லை என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்கு நான் சொன்ன முதல் நியாயமே பொய். அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். வாங்கிவிட்டுப் படிப்பதுதானே சேகரிக்கிறவர்களின் வழக்கம்!

*

கதையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பொருளைப் பார்த்துவிடுகிறேன். பின்னட்டையைப் படிக்காமல் புத்தகத்தைத் திறப்பது மாதிரி.

முதலில் தெரிவது மெலிசு. உள்ளே இருக்கும் மெஷின், ஆல்ஃபா என்று பெயர், 2.6 மில்லிமீட்டர் கனம்தான். கூடும் கண்ணாடியும் சேர்ந்து ஆறரை மில்லிமீட்டர் சொச்சம். சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் போய்விடுகிறது. கூட்டின் பக்கச்சுவர் நேராக இறங்குகிறது. குழைவு, சரிவு எதுவும் இல்லை, ஒரு உருளையிலிருந்து துண்டு வெட்டி எடுத்தது போல. ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்ளும் நான்கு கால்கள் ஒல்லியாக, நீளமாக, ஒரே ஒரு இடத்தில் மடங்கி நிற்கின்றன. 35 மில்லிமீட்டர் என்பது இன்றைய கணக்கில் சின்ன வாட்ச். இந்தக் கால்களால் அது கையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகத் தெரிகிறது. என் மாதிரி ஒல்லியான மணிக்கட்டுக்காரர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

டயல் வெள்ளி முலாம் பூசிய வெள்ளை. இரட்டைப்படை மணிகளுக்கு எண், ஒற்றைப்படைக்குக் கோடு. ஆறாம் எண்ணை நொடி வட்டம் விழுங்கிவிட்டது. எண்கள் உயரமாக, ஒடுங்கி, மெல்லிய கோட்டில் நிற்கின்றன. முட்கள் நீலம். அது பெயிண்ட் இல்லை. எஃகைச் சுமார் 290 டிகிரிக்குச் சூடேற்றினால் மேலே படிகிற மெல்லிய படலம் காட்டுகிற நிறம். ஜன்னல் பக்கம் திருப்பினால் நீலம், நிழலுக்கு வந்தால் கறுப்பு. முதல் இரண்டு நாள் நான் மணி பார்த்ததை விட இந்த நிறம் மாறுவதைப் பார்த்ததுதான் அதிகம்.

தேதி கிடையாது. இருட்டில் ஒளிரும் பூச்சு கிடையாது. கை கழுவலாம், நீந்தப் போக முடியாது. இவ்வளவு இல்லாமைகளுக்குப் பிறகும் டயலில் எதுவோ குறைகிறது என்று தோன்றுவதில்லை. ஏன் என்று யோசித்தேன். எண்ணின் கோட்டுக்கும் மணிக்கோட்டுக்கும் முள்ளுக்கும் கனம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. மூன்றும் ஒரே பேனாவால் எழுதினது மாதிரி. நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொடும் இடத்தில் நிற்கிறது; முன்னாலேயே நின்றுவிடுவதும் இல்லை, தாண்டிப் போவதும் இல்லை. எளிய டயலில் தப்பு செய்தால் மறைக்க இடமில்லை. நல்ல சின்னக் கவிதைக்கும் சும்மா சின்னதாக இருக்கிற கவிதைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இந்த அளவில், இது நல்ல வாட்ச். இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை.

*

பிரச்சினை பௌஹவுஸ் என்கிற சொல்லில் இருக்கிறது. இந்த வாட்சைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அந்தச் சொல் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். வால்டர் குரோப்பியஸ் 1919-ல் வைமார் நகரில் தொடங்கிய கலைப்பள்ளி அது. 1925-ல் டெசாவுக்குப் போனது, 1932-ல் பெர்லினுக்கு. 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்டது. பதினான்கு வருடம்தான். நெசவு, மரவேலை, உலோகம், சுவர் ஓவியம், அச்சு என்று பட்டறைகள் இருந்தன. கடிகாரப் பட்டறை என்று ஒன்று இருந்ததில்லை.

கைக்கடிகாரத்தோடு பௌஹவுஸுக்கு நேரடி உறவு வேண்டுமென்றால் மாக்ஸ் பில்லைத்தான் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்துக்காரர், 1927-ல் டெசாவில் மாணவராகச் சேர்ந்தவர். ஆனால் அவர் யுங்ஹான்ஸ் நிறுவனத்துக்காகச் சமையலறைக் கடிகாரத்தையும் பிறகு கைக்கடிகாரங்களையும் வடிவமைத்தது 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும். பள்ளி மூடி கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

என் கையில் இருக்கிற டயலின் பிறப்பு வேறு இடம். நகைத் தொழிலுக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் வேபர் அண்ட் பரால் என்று டயல் செய்து கொடுக்கும் நிறுவனம் இருந்தது. இந்த எண்கள், இந்தக் கோடுகள், ஆறு மணியில் இந்தச் சின்ன வட்டம், எல்லாம் 1930-களில் அங்கிருந்து வந்தவை. அதே டயலை லாங்கேயும் வாங்கிப் போட்டது, ஸ்டோவாவும் வாங்கிப் போட்டது. இன்றைய பாஷையில் சொன்னால் ஸ்டாக் டிசைன். டயலில் வாட்ச் கம்பெனியின் பெயர் வரும். டயல் வரைந்தவரின் பெயர் வராது.

ஸ்டோவா தன்னுடைய அந்த மாடலுக்குச் சொல்லும் வருடம் 1937. அந்த வருடத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1937 ஜூலையில்தான் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' கண்காட்சியை நடத்தினார்கள். பௌஹவுஸில் ஆசிரியர்களாக இருந்த பால் கிளே, காண்டின்ஸ்கி இருவரின் ஓவியங்களும் அங்கே ஏளனத்துக்காகத் தொங்கவிடப்பட்டன. அதே வருடம் அதே நாட்டில், இன்றைக்கு நாம் பௌஹவுஸ் என்று கொண்டாடுகிற டயல் கடைக் கண்ணாடிக்குள் சாதாரணமாக விற்பனைக்கு இருந்தது. யாரும் அதைத் தடை செய்யவில்லை.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். பள்ளியை மூடினாலும் அதன் கண் ஊருக்குள் பரவிவிட்டது என்று சொல்லலாம். அது ஆறுதலான வாசிப்பு, சேகரிப்பவர்களுக்குப் பிடித்ததும் அதுதான். இன்னொரு வாசிப்பு அவ்வளவு சுகமில்லை. அலங்காரமற்ற வடிவத்துக்கு என்று சொந்தமாக ஓர் அரசியல் கிடையாது. யார் கையிலும் அது உட்காரும். எளிமையாக இருப்பதாலேயே ஒரு பொருள் நேர்மையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அந்த நினைப்பைத்தான் இந்த டயல் கலைத்துப்போடுகிறது. நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம்தான் நிற்கிறேன். நண்பரிடம் நான் சொன்ன ஒற்றை வரியில் இருந்தது டிசைன் பற்றிய தகவல் மட்டும் இல்லை. 'நல்லவர்கள் பக்கம் நின்ற பொருள் இது, அதை வாங்கிய நானும் அந்தப் பக்கம்தான்' என்ற ஒரு சின்னப் பெருமையும் அதற்குள் இருந்தது.

*

பெர்லின் சுவர் இடிந்தது 1989 நவம்பரில். அடுத்த ஜனவரியில் ரோலண்ட் ஷ்வெர்ட்னர் கிளாஸ்ஹூட்டேயில் நோமோஸைத் தொடங்கினார். 1992-ல் முதல் நான்கு மாடல்கள் வந்தன. அதில் ஒன்று டாங்கென்டே. சூசானே குந்தர் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பழைய டயலை எடுத்துத் திருத்தி வரைந்தார். எண்களைச் சீராக்கினார், கூட்டுக்கும் கால்களுக்கும் இப்போதுள்ள விறைப்பைக் கொடுத்தார். பழைய லாங்கேயையும் இதையும் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் செய்த வேலை தெரியும். பழையது அந்தக் காலத்து வாட்ச் மாதிரி இருக்கிறது, இது எந்தக் காலத்தையும் காட்டிக்கொள்ளவில்லை. பாராட்ட வேண்டுமென்றால் இல்லாத பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் திருத்தலைப் பாராட்டலாம். பழைய பதிப்பை எடுத்துப் பிழை பார்த்துச் செம்பதிப்பாகக் கொண்டுவருகிறவர்களை நாம் மதிப்பதில்லையா, அது மாதிரி.

நோமோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சட்டம் என்று பொருள். அந்தப் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1906-ல் இதே ஊரில் இதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. சுவிஸ் சரக்கைக் கொண்டுவந்து விற்றது. ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை உண்டா என்ற தகராறு வந்து, 1910-ல் முடிந்துபோனது. ஆக, கிளாஸ்ஹூட்டே என்று டயலில் எழுத யாருக்கு உரிமை என்கிற சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இப்போது அதற்கு நிஜமாகவே சட்டம் இருக்கிறது. மெஷினின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஊரிலேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். 2022-ல் ஜெர்மனி அரசு அதை ஆணையாகவே ஆக்கிவிட்டது. அந்த நாட்டில் இப்படி ஓர் ஊர்ப் பெயருக்குத் தனி ஆணை இதற்கு முன் கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கனுக்குத்தான் இருந்தது.

அந்த ஊரின் கதையைப் படிக்கப் படிக்க பௌஹவுஸ் கதை வெளிறிப்போனது. வெள்ளிச் சுரங்கம் வற்றி வறுமைப்பட்ட ஊர் அது. 1845-ல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே சாக்சனி அரசிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்து, உள்ளூர்ப் பையன்கள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கடிகாரத் தொழில் சொல்லிக்கொடுத்தார். நூறு வருடம் கழித்து, 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில் ஊர் மேல் குண்டு விழுந்தது. மிச்சமிருந்த இயந்திரங்களைச் சோவியத் படை இழப்பீடாகக் கழற்றிக்கொண்டு போனது. 1948-ல் லாங்கே குடும்பத்தின் தொழிற்சாலை பறிமுதலானது. 1951-ல் ஊரின் கடிகார நிறுவனங்கள் எல்லாம் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. சுருக்கமாக ஜியூபி. அடுத்த நாற்பது வருடம் கிளாஸ்ஹூட்டே என்றால் அதுதான்.

என் பெட்டியில் அந்த ஜியூபி வாட்சும் ஒன்று இருக்கிறது. அது இருக்கிறது என்பதே மூன்றாம் நாள் இரவுதான் நினைவுக்கு வந்தது.

*

ஸ்பெட்ஸிமாட்டிக். 1964-ல் தொடங்கிய வரிசை. ஆட்டோமேட்டிக், 26 கல். சில வருடங்களுக்கு முன் வாங்கினேன். விலை ஏறக்குறைய இந்தப் புது வாட்சின் ஸ்ட்ராப் விலைதான். அந்த ஸ்ட்ராப் சிகாகோவின் ஹார்வீன் பதனிடும் ஆலையிலிருந்து வருகிற குதிரைத் தோல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பெட்ஸிமாட்டிக்கை எடுத்துத் துடைத்து டாங்கென்டே பக்கத்தில் வைத்தேன். தங்க முலாம் ஓரங்களில் தேய்ந்து வெளுத்திருக்கிறது. டயலில் எண்களே இல்லை, வெறும் கோடுகள். நேரான முட்கள், நடுவில் நொடிமுள். பார்க்கப்போனால் டாங்கென்டேயை விட எளிமை. ஆனால் இதை யாரும் பௌஹவுஸ் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆசிரியரும் பஸ் டிரைவரும் ஆலைத் தொழிலாளியும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன வாட்ச் இது. நல்ல பொருள், அலங்காரமில்லாமல், இயந்திரத்தில் நிறையச் செய்து, எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது டெசாவில் பேசப்பட்ட கனவுகளில் ஒன்று. அந்தக் கனவுக்கு அந்த ஊரில் மிகப் பக்கத்தில் வந்தது நான் ஐந்து வருடமாக எடுத்துக்கூடப் பார்க்காத இந்த வாட்ச்தான்.

இதை உடனே காவியமாக்கிவிடவும் கூடாது. சொந்தக்காரர்களிடமிருந்து பறித்த தொழிற்சாலையில், வெளியே போக சுவர் விடாத நாட்டில் செய்த பொருள் அது. இங்கேயும் அதே பாடம்தான்: வடிவம் எளிமை என்பதால் அதைச் செய்த ஆட்சி நல்லது என்று ஆகிவிடாது.

ஆனாலும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. எளிமை எப்போது விலை உயர்ந்த பொருளானது? பேட்டரி வாட்ச் வந்த பிறகு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குவார்ட்ஸ் வந்ததும் சரியான நேரம் மலிவாகிவிட்டது. எல்லோருக்குமான வாட்ச் என்ற இடத்தை அது எடுத்துக்கொண்டது. சாவி கொடுக்கிற வாட்சுக்கு அதற்குப் பிறகு பிழைக்க ஒரே வழி, தேவையாக இருப்பதை விட்டுவிட்டு ரசனையாக மாறுவது. 1990-க்குப் பிறகு கிளாஸ்ஹூட்டே அந்த வழியில்தான் மீண்டது. அந்த ஊரின் பெரிய பெயர்கள் இரண்டு இன்று பெரிய குழுமங்களின் கையில் இருக்கின்றன. நோமோஸ் தனியாக, ஊரின் பழைய ரயில் நிலையத்தில் இருக்கிறது. மலிவாகச் செய்திருந்தால் ஊரே இருந்திருக்காது. நான் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தாக்கில் சிலருடைய சம்பளமாகப் போகிறது என்பது பொய் இல்லை. ஆனால் அதை 'எளிமை' என்று கூப்பிட்டுக்கொள்வதுதான் உறுத்துகிறது. எளிமையாகத் தெரிவதற்கு நான் நிறையப் பணம் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

*

ஐந்தாம் நாள் இரண்டு வாட்சையும் எடுத்துக்கொண்டு நான் வழக்கமாகப் போகும் ரிப்பேர் கடை அண்ணனிடம் போனேன். நாற்பது வருடமாகக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். டாங்கென்டேயைத் திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, பின்னாடி கண்ணாடியும் வச்சிட்டு, உள்ள மூடியும் போட்டிருக்கான்?"

சிரித்துவிட்டேன். அது முக்கால் தட்டு. கிளாஸ்ஹூட்டேயின் அடையாளமே அதுதான், லாங்கே 1864-ல் கொண்டுவந்தது. பல்சக்கரங்களைத் தனித்தனிப் பாலங்களில் பிடிக்காமல் ஒரே பெரிய தட்டால் மூடிப் பிடிப்பது. உறுதி அதிகம். ஆனால் பார்க்க வருகிறவருக்குச் சக்கரங்கள் தெரியாது. மேலே வரிவரியான மெருகும் நீலத் திருகாணிகளும் மட்டும்தான். ஓர் ஓரத்தில் பேலன்ஸ் சக்கரம் ஆடிக்கொண்டிருக்கும்.

"மூடிதான். ஆனா லேசுப்பட்டது இல்ல" என்று அவரே தொடர்ந்தார். "எல்லாச் சக்கரத்தோட நுனியும் ஒரே நேரத்துல அதது ஓட்டையில உக்காரணும். ஒண்ணு தப்பினாலும் திரும்பத் தூக்கி முதல்ல இருந்து. கை நடுங்குறவன் செய்ய முடியாது."

அந்த மெஷினின் அமைப்பு ஆரம்ப வருடங்களில் நோமோஸ் வாங்கிப் பயன்படுத்திய பெசோ 7001 என்ற சுவிஸ் மெஷினுக்கு ரொம்பப் பக்கம் என்று படித்ததைச் சொன்னேன். சுவிஸ் எலும்பு, சாக்சனி மேல்தட்டு, ஃபோர்ட்ஸ்ஹைம் முகம், சிகாகோ தோல். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த வாட்சை எடுத்தார். ஸ்பெட்ஸிமாட்டிக்கின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"இது வேலைக்குப் போறவன் வாட்ச்" என்றார். "எங்க ஊரு?"

"ரெண்டும் ஒரே ஊருதான் அண்ணே."

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு இரண்டையும் மறுபடி வெறும் கண்ணால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "ஆயில் போட்டுத் தரேன், இதை வச்சிட்டுப் போ" என்று ஸ்பெட்ஸிமாட்டிக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

*

டாங்கென்டேயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். கொடுக்கவில்லை. அந்த நீலம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. முள்ளின் நுனி கோட்டைத் தொடுகிற இடம் மாறவில்லை. கதை பொய்யானதால் விகிதங்கள் பொய்யாகவில்லை. ஒரு படைப்பை அதைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைக்காக விரும்பியிருந்தால், பெருமை போனதும் விருப்பமும் போயிருக்க வேண்டும். எனக்குப் போகவில்லை. கொஞ்சம் குறைந்தது, குறைந்த பிறகு மிச்சம் இருப்பது எனக்குச் சொந்தமானதாகத் தெரிகிறது.

ஆனால் சேகரிப்பவனாக என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவு சந்தோஷமானதில்லை. பதினான்கு வாட்சையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பத்துக்கு மேற்பட்டவற்றுக்கு நான் சொன்னது யாரோ எழுதிய வாக்கியம். விண்வெளி, பந்தயம், கடலடி, போர் விமானி. பொருளை நான் பார்த்துச் சொன்ன வாக்கியம் மூன்றோ நான்கோதான். புத்தக அலமாரியையும் இப்படி ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, தள்ளிப்போட்டுவிட்டேன்.

வாரக்கடைசியில் ஸ்பெட்ஸிமாட்டிக் ஆயில் போட்டுத் திரும்பி வந்தது. இரண்டு நாள் அதையே கட்டிக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் டாங்கென்டே நின்றிருந்தது. முழுச் சாவி கொடுத்தால் 43 மணி நேரம் ஓடும், அதற்கு மேல் அதற்கு நம்மிடம் கடமை எதுவும் இல்லை. கிரௌனை இழுத்து மணி வைத்தேன். இழுத்ததும் நொடிமுள் நின்றுவிடுகிற வசதி உண்டு, விநாடி சுத்தமாக வைக்கலாம். சரியான நேரத்துக்குப் போனைத்தான் பார்த்தேன்.

நண்பர் அடுத்த முறை வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். "எனக்கு முள்ளு பிடிச்சிருக்கு. விலை ஜாஸ்திதான்." அதோடு ஸ்பெட்ஸிமாட்டிக்கையும் எடுத்து அவர் கையில் கொடுக்கலாம்.